செவியில் வளர்ந்த மொழியை நாவுக்குக் கொணர்தல்

ஓசூருக்கு அருகே, தென்பெண்ணையாற்றை அடுத்து அமைந்த சிற்றூர் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று இராஜாஜி பிறந்த ஊர் என்பதால் அது நாடறிந்த ஊராயிற்று. ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மேற்கல்வியும் பெற்ற அவர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் நிலத்தில் வளர்ந்தவர். அந்நிலம் இன்றும் அவ்வாறே இருக்கிறது. தமிழகத்துக்கும் கருநாடகத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு நிலப்படத்தில் தெளிவாக உள்ளது. வீட்டுப் பேச்சில் அக்கோட்டைக் காண இயலாது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்த பின்னர், அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகளும் பெருகின. முன்பே இங்கிருந்த உருதுவோடு வடபுலத் தொழிலாளர்களின் இந்தியும் ஒடியாவும் வந்து சேர்ந்தன.

இத்தகைய நிலத்தில் வாழ்வோரிடம் ஒரு மொழிநிலை பரவலாகக் காணப்படுகிறது. தெலுங்கு வீட்டில் ‘அவ்வா’ என்றும் கன்னட வீட்டில் ‘அஜ்ஜி’ என்றும் அழைக்கப்பெறும் மூதாட்டி தம் மொழியில் கேட்கிறார். பள்ளியிலிருந்து திரும்பிய பெயர்த்தி தமிழில் விடை சொல்கிறாள். மூதாட்டியின் கதையும் கண்டிப்பும் நகைச்சுவையும் அவளுக்கு முழுமையாக விளங்குகின்றன. ஆயினும் அம்மொழியிலேயே விடை சொல் என்றால் இரண்டு சொற்களுக்குமேல் நா எழுவதில்லை. தமிழ்க் குடும்பத்தார் பலருக்கும் கன்னடத்தோடு இதே உறவுதான்: பேருந்திலும் சந்தையிலும் கேட்பது அனைத்தும் புரியும், பேச வராது. கனடாவிலும் பிரான்சிலும் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளிடம் இந்நிலையைத் தமிழ் தொடர்பாகவே காண்கிறோம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழங்கும் குடும்பங்களின் இளந்தலைமுறையிடமும் இதுவே உள்ளது.

மொழியியலார் இவர்களைக் கேட்டறி இருமொழியர் என்ற வகையில் வைத்து ஆராய்கின்றனர். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 2011ஆம் ஆண்டு, ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் தாய்மொழியோடு மற்றொரு மொழியும் அறிந்தவர்களாகப் பதிவாயினர். பிறமொழி அறிந்தவர் என்று பதிய வேண்டுமானால் அம்மொழியில் உரையாடத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டு மட்டும் அறிந்தவர் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. தாமும் தம்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. “எனக்கு அந்த மொழி தெரியாது” என்றே சொல்லிவிடுகின்றனர். அவர்கள் தம்மிடம் உள்ள செல்வத்தைக் குறைத்து மதிப்பிடுகின்றனர் என்பதையும், அச்செல்வம் பேச்சாக மாறுவதற்கு எது வேண்டும் என்பதையும் அறிவியல் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவியே முந்தும்

குழந்தை பேசத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே மொழியை அறியத் தொடங்கிவிடுகிறது. எலிகா பெர்கெல்சன், டேனியல் சுவிங்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் ஒன்பது திங்கள் அகவையுள்ள குழந்தைகளுக்கு முன் படங்களைக் காட்டி, அவற்றுள் ஒன்றின் பெயரைப் பெற்றோரைக் கொண்டு சொல்லச் செய்தனர். சொல்லப்பட்ட உணவுப்பொருளையோ உடலுறுப்பையோ நோக்கிக் குழந்தைகளின் கண்கள் திரும்பி நிலைத்தன. ‘அம்மா’ என்றுகூடச் சொல்லத் தெரியாத அகவையிலேயே பொதுவான பெயர்ச்சொற்கள் சிலவற்றின் பொருள் உள்ளத்தில் பதிந்துவிட்டது என்பதற்கு அப்பார்வையே சான்று.

ஒலிகளின் அறிவும் முதலாண்டிலேயே உருவாகிறது. கனடாவில் சேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீசும் 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக நெருக்கமான ஒலிகளைப் பற்றியது. இந்தியின் டகர ஒலியையும் தகர ஒலியையும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு ஒலித்துக் காட்டினர். ஆறு முதல் எட்டுத் திங்கள் வரையுள்ள குழந்தைகள் அவ்வேறுபாட்டை உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு திங்கள் அகவையில் அவ்வுணர்வு பெரிதும் மங்கிவிட்டது. தன்னைச் சூழ்ந்து ஒலிக்கும் மொழிக்கு எந்த ஒலிவேறுபாடு வேண்டுமோ அதனைக் கூர்மையாக்கிக்கொண்டு, வேண்டாததைக் குழந்தையின் செவி கைவிடுகிறது.

தொரப்பள்ளி வட்டாரத்துப் பிள்ளையின் செவிக்கு இதனால் ஒரு தனிப்பேறு வாய்க்கிறது. குரல்நாண் அதிர்ந்து எழும் வல்லினத்தையும் அதிராமல் எழும் வல்லினத்தையும் தமிழ் ஒரே எழுத்தால் எழுதுகிறது. அவ்வேறுபாட்டைக்கொண்டு சொற்பொருளைப் பிரிப்பதில்லை. கன்னடமும் தெலுங்கும் பிரிக்கின்றன. பிறந்தது முதல் அவ்விரண்டில் ஒன்றைக் கேட்டு வளர்ந்தவரின் செவி, எவரும் கற்பிக்காமலே அவ்வேறுபாட்டைப் பற்றிக்கொள்கிறது. வளர்ந்தபின் புதிதாகக் கற்கப் புகுவோர் பெரும்பாடுபட்டு அடைவதை இவர்கள் தொட்டிலிலேயே பெற்றுவிட்டனர்.

ஒரு மறுமொழிக்குள் நிகழ்வன

கேட்டல் இத்தனை முன்னதாக வேரூன்றுமானால் பேச்சு ஏன் பின்தங்குகிறது? திருவள்ளுவர் கேள்வியை 42ஆம் அதிகாரத்திலும் சொல்வன்மையை 65ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இரண்டும் தனித்தனியே பேணத்தக்க ஆற்றல்கள் என்ற தெளிவு தமிழ் மரபுக்குப் புதிதன்று. இன்றைய உளமொழியியல் அப்பிரிவினையை நேர அளவோடு காட்டுகிறது.

நெதர்லாந்தில் ஆய்வு நடத்திய வில்லெம் லெவெல்ட், பேச்சு உருவாகும் படிகளை 1989இல் ஒரு பெருநூலாக வகுத்தார். சொல்லக் கருதிய பொருள் முதலில் உள்ளத்தில் திரள்கிறது. அதற்குரிய சொல் தேர்வாகிறது. சொல்லுக்கு இலக்கண வடிவம் அமைகிறது. பின்னர் ஒலிவடிவம் கிடைத்து, அசைகளாகப் பிரிந்து, நாவுக்கும் இதழுக்கும் மிடற்றுக்கும் ஆணையாகச் செல்கிறது. ஒரு படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்கு, தாய்மொழியிலேயே ஏறத்தாழ 600 மில்லிநொடி தேவைப்படுகிறது என்று பீட்டர் இண்டெஃப்ரேயும் லெவெல்ட்டும் 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தனர்.

இதனோடு மற்றோர் அளவையை ஒப்பிட்டால் பேச வராமையின் காரணம் துலங்கும். தான்யா ஸ்டிவர்சு தலைமையில் பத்து மொழிகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஒருவர் கேட்ட வினாவுக்கும் மற்றவர் சொல்லும் விடைக்கும் இடையிலான இடைவெளி, சராசரியாக 200 மில்லிநொடியை ஒட்டியே அம்மொழிகளில் அமைந்திருந்தது. ஒரு சொல்லை ஆயத்தம் செய்யவே அதனைப்போல் மூன்று மடங்கு நேரம் வேண்டும். ஆகவே உரையாடுவோர் அனைவரும் எதிரிலுள்ளவர் பேசி முடிக்கும் முன்னரே தம் விடையை உள்ளத்தில் கட்டத் தொடங்குகின்றனர். கேட்பதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கேட்டு மட்டும் அறிந்தவரிடம் இக்கட்டுமானம் மெதுவாக நடக்கிறது. விடைக்குரிய நேரம் கடந்துவிடும் என்ற நெருக்கடியில், ஆயத்தமாக இருக்கும் தமிழ்த்தொடர் முந்திக்கொண்டு வெளிவருகிறது.

அவ்வாறு முந்துவதற்கும் விளக்கம் உண்டு. இருமொழியாளரின் உள்ளத்தில் ஒரு மொழி விழித்திருக்க மற்றொன்று உறங்குவதில்லை. இரண்டும் ஒருங்கே இயங்குகின்றன. பேச வேண்டிய மொழியை எடுக்க மற்றதை அடக்க வேண்டியுள்ளது என்று டேவிட் கிரீன் 1998இல் விளக்கினார். நாள்தோறும் பேசப்படும் தமிழ் வலிமை மிக்கது; அதனை அடக்குவதற்கு மிகுந்த முயற்சி தேவைப்படும். பெயர்த்தி தமிழில் விடை சொல்வது பாட்டியின் மொழியை இகழ்ந்ததனால் அன்று என்பதைப் பெரியோர் உணர வேண்டும்.

செவி கடந்து செல்வதை நா கடக்க இயலாது

நேரம் ஒருபுறம் இருக்க, கேட்பவருக்கும் பேசுபவருக்கும் தேவைப்படும் அறிவின் அளவும் வேறு. கூட்டத்தில் ஒரு முகத்தைக் கண்டவுடன் இன்னார் என்று அறிந்துகொள்பவரிடம், அம்முகத்தைத் தாளில் வரையச் சொன்னால் மூக்கின் வளைவும் புருவத்தின் அகலமும் தமக்குத் தெரியாதென்பது அப்போதுதான் அவருக்கு விளங்கும். மொழியிலும் அறிந்துகொள்வதற்குச் சில அடையாளங்கள் போதும். ஆக்குவதற்கு எல்லா உறுப்புகளும் வேண்டும்.

தெலுங்கிலிருந்து ஒரு சான்றைக் காண்போம். ஆண் ஒருவன் வந்ததை ‘அதடு வச்சாடு’ என்பர். பெண் ஒருத்தி வந்ததை ‘ஆமெ வச்சிந்தி’ என்பர். பேருந்து வந்ததற்கும் ‘வச்சிந்தி’ என்பதே முடிபு. ஒருமையில் பெண்பாலும் அஃறிணையும் ஒரே வினைமுற்றைப் பெறுகின்றன. பன்மைக்குச் சென்றால் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து ‘வச்சாரு’ என்ற முடிபைப் பெறுகின்றனர். உயர்திணை அஃறிணைப் பகுப்பில் ஊன்றிய தமிழ் உள்ளத்துக்கு இவ்வமைப்பு புதிது. ஆனால் கேட்பவர் இதனைப் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. ‘ஆமெ’ என்ற எழுவாய் காதில் விழுந்ததும் வந்தவர் பெண் என்று தெரிந்துவிடுகிறது. ‘வச்’ என்ற அளவிலேயே வருகையும் தெரிந்துவிடுகிறது. ஈற்றில் நின்றது எந்த விகுதி என்பதைக் கருதாமலே பல்லாண்டுகள் பொருளுணர்ந்து வாழ்ந்துவிடலாம். பேச முனையும் கணத்தில்தான் விகுதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் எழுகிறது.

எதிர்த்திசையிலும் இவ்வாறே நிகழ்கிறது. தமிழில் நாம் என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். நாங்கள் என்பது விலக்கும். தெலுங்கிலும் அவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றே. கன்னட வீட்டில் பிறந்து தமிழைக் கேட்டறிந்த ஒருவருக்கு இவ்விரு சொற்களும் ஐயமின்றிப் புரியும். தாமே பேசும்போது எதனை எங்கே வைப்பது என்பதில் நா தயங்கும்.

இலக்கணத்தைக் கடந்தபின் உடலுறுப்புகளின் பழக்கம் எஞ்சி நிற்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகும் முறையை விரித்துரைக்கிறது. அவ்வுறுப்புகளின் இயக்கம் தசைப் பழக்கத்தால் விளைவது. ஓர் ஒலியைப் பிற ஒலிகளிலிருந்து பிரித்தறியும் செவி இருந்தாலும், அதனை எழுப்பும் தசைப் பழக்கம் எழுப்புவதாலேயே வரும்.

உறவுமொழிகள் தரும் உதவி

எல்லைப்புறத்தார்க்கு ஓர் இயற்கை உதவி உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பத்தவை என்பதை எல்லிசு 1816இலும் கால்டுவெல் 1856இலும் எடுத்துக்காட்டினர். இக்குடும்ப உறவு ஒழுங்கான ஒலி மாற்றங்களாக வெளிப்படுகிறது. தமிழின் சொன்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’. பழங்கன்னடத்தில் பகரமாகவே இருந்தது இடைக்காலத்தில் இவ்வாறு திரிந்தது. தெலுங்கில் அத்திரிபு இல்லை. பால் அங்கே ‘பாலு’, புலி ‘புலி’. சந்தையில் நின்று கேட்கும் தமிழர் இவ்விதியை ஒருநாளும் படித்ததில்லை. ஆயினும் அவர் செவி அதனைத் தானே கண்டுகொண்டு பயன்படுத்துகிறது.

இவ்வாறு உறவுமொழிகளைக் கேட்டறிந்து, அவரவர் தத்தம் மொழியிலேயே பேசிக்கொள்ளும் வழக்கம் வடஐரோப்பாவிலும் உண்டு. டேனியரும் நார்வேயரும் சுவீடியரும் அவ்வாறு உரையாடுவதை ஐனர் ஹாகன் 1966இல் ஆராய்ந்தார். நம் நாட்டில் ஜான் கம்பர்சும் இராபர்ட் வில்சனும் 1971இல் வெளியிட்ட குப்வார் ஆய்வு உலகப் புகழ்பெற்றது. மகாராட்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டிய குப்வார் சிற்றூரில் கன்னடம், மராத்தி, உருது, தெலுங்கு ஆகியவை நெடுங்காலம் ஒருங்கே வழங்கின. சொற்கள் வேறாகவே நிற்க, தொடரமைப்பு பெரிதும் ஒன்றாகிவிட்டது. ஒரு மொழியின் தொடரில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் மறுமொழியின் தொடர் கிடைக்கும் அளவுக்கு அவை நெருங்கின. பக்கத்து வீட்டு மொழியை அஞ்சாமல் பேசிய மக்களின் நாவே அந்நெருக்கத்தை உண்டாக்கியது.

உறவு சில இடங்களில் வழி தவறச் செய்வதும் உண்டு. கன்னடத்தில் ‘மாடு’ என்பது செய் என்னும் ஏவல். ஆயினும் இத்தகைய சொற்கள் சிலவே. ஒலியொழுங்கு தரும் நன்மையோ நூற்றுக்கணக்கான சொற்களுக்குப் பரவியது.

செவியின் சேமிப்பு எத்தகையது

கேட்டு மட்டும் வளர்ந்தவர் பின்னாளில் பேசக் கற்கும்போது அக்கேள்வி உண்மையில் உதவுகிறதா? இவ்வினாவுக்கு நேரான விடை ஸ்பானிய மொழியைப் பற்றிய ஆய்விலிருந்து கிடைத்தது. லாசு ஏஞ்சலிசு நகரில் டெர்ரி ஆவும் அவருடைய துணையாய்வாளர்களும் 2002இல் அதனை வெளியிட்டனர். இளமையில் வீட்டார் பேசிய ஸ்பானிய மொழியைக் கேட்டு வளர்ந்து, தாம் பேசாதிருந்த கல்லூரி மாணவர்களை ஒருபுறமும், அம்மொழியை முன்பு கேட்டறியாது வகுப்பில் கற்கத் தொடங்கியவர்களை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டனர்.

ஒலிப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் தெளிவாக மேம்பட்டு நின்றனர். ஆங்கிலத்தில் சொன்முதல் வல்லினம் மூச்சோடு வெடித்தெழும். ஸ்பானியத்தில் மூச்சின்றி எழும். உயிர்களுக்கிடையே வரும் சில மெய்கள் ஸ்பானியத்தில் நெகிழ்ந்து ஒலிக்கும். தமிழில் ‘அகம்’ என்பதன் ககரம் நெகிழ்வதை ஒத்தது அது. இந்நுட்பங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அம்மொழியாளரைப் பெரிதும் ஒத்து ஒலித்தனர். ஆனால் பெயரும் அடையும் பாலிலும் எண்ணிலும் ஒத்து நிற்க வேண்டிய இலக்கணத்தில் அவர்கள் மற்ற மாணவர்களை விஞ்சவில்லை. இளமையில் சில ஆண்டுகளேனும் தாமே பேசியவர்கள் இலக்கணத்திலும் நற்பயன் பெற்றனர் என்று அக்குழுவினர் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு காட்டியது. செவி ஒலியைக் காத்துத் தருகிறது. இலக்கணத்தைக் கைவயப்படுத்த நா இயங்க வேண்டியிருக்கிறது.

அச்சேமிப்பு எத்துணை உறுதியானது என்பதை 2014இல் இலாரா பியர்சும் பிரெட் செனசீயும் அவர்தம் குழுவினரும் மூளைப் படப்பிடிப்பால் கண்டனர். சீனாவில் பிறந்து, ஓரகவை அளவில் தத்தெடுக்கப்பட்டு, கனடாவின் மாந்திரியாலில் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளுக்குச் சீன மொழியின் சுரவேறுபாடுகளை ஒலித்துக் காட்டினர். அவர்களுக்கு அம்மொழியின் நினைவு எதுவும் இல்லை. ஆயினும் அவர்களின் மூளை, சீனமும் பிரெஞ்சும் பேசும் சிறுமிகளின் மூளையைப் போன்றே இயங்கியது. ஓராண்டுக் கேள்வி பத்தாண்டு மறதியையும் வென்று நிற்குமானால், இருபது ஆண்டுகள் அவ்வாவின் மடியிலும் திண்ணையிலும் கேட்ட மொழி எத்தகைய சேமிப்பாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கேட்டல் பெருகினால் பேச்சு தானே வருமா

புரியும்படியான கேள்வி மிகுதியாக வாய்த்தால் மொழி தானே அமையும் என்ற கொள்கையை ஸ்டீபன் கிராசன் 1980களில் வலியுறுத்தினார். அதில் பேருண்மை உள்ளது. கேளாமல் மொழி இல்லை. ஆனால் அதன் எல்லையைக் கனடாவின் பள்ளிகள் காட்டின. மாந்திரியாலை அடுத்த செயிண்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கில வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழியில் பாடம் நடத்தும் திட்டம் தொடங்கியது. அத்தகைய வகுப்புகளில் பல்லாண்டு பயின்ற பிள்ளைகள் கேட்டுணர்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கினர். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. வகுப்பில் அவர்கள் பெரும்பாலும் கேட்டனர், சிறிதளவே பேசினர் என்பதைக் கண்ட மெரில் ஸ்வெயின், மொழியாக்கமும் மொழியைக் கற்பிக்கிறது என்ற கருத்தை 1985இல் முன்வைத்தார். பேச முயலும்போதுதான் தம்மிடம் எது இல்லை என்பதை ஒருவர் உணர்கிறார். உணர்ந்தபின் அடுத்த முறை கேட்கும்போது அதனைக் கூர்ந்து பற்றிக்கொள்கிறார்.

தொரப்பள்ளியின் மைந்தர் வாழ்விலும் இவ்வுண்மைக்கு ஒரு சான்று உண்டு. இராஜாஜி 1916இல் சேலத்தில் வெங்கடசுப்பையருடன் இணைந்து அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தறிந்த அறிவியலைத் தமிழில் சொல்ல முனைந்தபோதுதான் எந்தச் சொல் இல்லை, எதனை ஆக்க வேண்டும் என்பது புலனாயிற்று. படித்துணர்வதோடு நின்றிருந்தால் அக்குறை கண்ணில் பட்டிராது.

இராபர்ட் டெக்கெய்சர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்தது. புதிதாக ஆக்கிய சிறுமொழி ஒன்றின் சில விதிகளை மாணவர்கள் தொடர்களின் பொருளுணர்ந்து பழகினர். வேறு சில விதிகளைத் தாமே தொடர்களை ஆக்கிப் பழகினர். எதனைப் பழகினரோ அத்திறனே விரைவும் திருத்தமும் பெற்றது; ஒன்றில் பெற்ற விரைவு மற்றொன்றுக்கு முழுமையாகச் செல்லவில்லை. எனவே கேட்டறி இருமொழியர் இன்னும் ஆயிரம் மணிநேரம் கேட்பதால் பேச்சாளர் ஆகிவிடுவதில்லை. அவருக்கு இனி வேண்டியது நாவின் பயிற்சியே.

நாவைப் பழக்கும் நெறி

அப்பயிற்சி எழுத்துக்கூட்டலிலிருந்தும் இலக்கண வாய்பாட்டிலிருந்தும் தொடங்க வேண்டியதில்லை. புதியவர் நடக்கும் வழியில் இவர் பாதித் தொலைவை முன்பே கடந்துவிட்டார்.

உரக்கச் சொல்வதே முதற்படி. மௌனமாகப் படித்த சொற்களைவிட வாய்விட்டுச் சொன்ன சொற்கள் நினைவில் நன்கு நிற்கின்றன என்று காலின் மெக்லியாடும் அவருடைய குழுவினரும் 2010இல் காட்டினர். கேட்ட தொடரை, பேசுபவரின் இசையும் விரைவும் மாறாமல், அவரைத் தொடர்ந்து உடனுக்குடன் ஒலித்துப் பழகுவது நாவுக்கும் இதழுக்கும் நல்ல பயிற்சி. ‘ஊட்ட ஆய்தா’ என்ற கன்னட உணவு வினவலும், ‘அன்னம் தின்னாவா’ என்ற தெலுங்கு வினவலும் செவியில் முழுத்தொடர்களாகவே வாழ்கின்றன. முழுத்தொடர்களை அப்படியே எடுத்துச் சொல்லத் தொடங்கினால், சொல்லைத் தேடி விகுதியைப் பொருத்தும் சுமை குறையும். மறுமொழிக்குரிய சிறுநேரத்துக்குள் பேச்சு எழும்.

நினைவிலிருந்து எடுத்துரைப்பது அடுத்த படி. கற்றதை மீண்டும் படிப்பதைவிட, நூலை மூடிவிட்டு நினைவுகூர்வது நெடுநாள் நிலைக்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் மெய்ப்பித்தனர். நேற்றுக் கேட்ட கதையை, இன்று அதே மொழியில் திருப்பிச் சொல்ல முயல வேண்டும். இடையில் ஒரு சொல் கிட்டாமல் நுனிநாவில் நிற்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மூதாட்டியிடமே கேட்கலாம்.

சரளம் பெறுவதற்கு நியூசிலாந்தின் பால் நேசன் ஆராய்ந்த ஒரு முறை எளியது. ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடத்திலும், பின்னர் வேறொருவரிடம் மூன்று நிமிடத்திலும், மூன்றாம் முறை மற்றொருவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். செய்தி மாறாததால் உள்ளம் பொருளைத் தேடி அலைவதில்லை. சொற்களைக் கோக்கும் வேகமே வளர்கிறது. ஓர் ஆலையின் உணவு இடைவேளையில், மூன்று உடன்பணியாளரிடம் இப்பயிற்சியை நடத்திவிடலாம்.

இவை அனைத்துக்கும் தடையாக நிற்பது கூச்சம். பிறமொழி பேசுவதால் எழும் அச்சத்தை எலேன் ஹார்விட்சும் துணைவரும் 1986இல் தனியே அளந்து காட்டினர். கேட்டறி இருமொழியருக்கு அக்கூச்சம் புதியவரினும் மிகுதியாக இருக்கலாம். புதியவரின் பிழையை உலகம் மன்னிக்கும். வீட்டுப்பிள்ளையின் பிழையைக் கண்டு உறவினர் நகைப்பர். தம் செவி கூர்மையானது என்பதால் தம் பிழை தமக்கே உடனே கேட்டுவிடும் வருத்தமும் உண்டு. அவ்வருத்தத்தை நற்குறியாகக் கொள்ள வேண்டும். பிழையைக் கேட்டுணரும் செவியைத் தமக்குள்ளேயே ஆசானாகப் பெற்றவர் விரைவில் திருந்துவார்.

பெரியோர் கடன்

இம்முயற்சி கற்பவர் ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. இராய் லிஸ்டரும் லீலா ரான்டாவும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளில் ஆசிரியர் திருத்தும் முறைகளை ஆராய்ந்து 1997இல் எழுதினர். மாணவர் சொன்ன பிழைத்தொடரை ஆசிரியரே திருத்திச் சொல்லிக் கடந்துசெல்வது மிகப் பரவலான முறை. மாணவர் தம் பேச்சைத் திருத்திக்கொள்வது அம்முறையில்தான் குறைவாக நிகழ்ந்தது. குறிப்புக் கொடுத்து, மாணவரே திருத்திச் சொல்லும்படி காத்திருந்த இடங்களில் பயன் மிகுந்தது. அவ்வாவுக்கும் அஜ்ஜிக்கும் இவ்வறிவுரை அப்படியே பொருந்தும். பேரப்பிள்ளை தமிழில் விடை சொன்னால் கடிந்துகொள்ள வேண்டா. தம் மொழியில் மீண்டும் கேட்டு, சற்றுப் பொறுத்திருந்தால் போதும். அந்தச் சிறு பொறுமையில் பிள்ளையின் உள்ளம் தொடரைக் கட்டி முடித்துவிடும்.

தமிழக அரசு 2006இல் இயற்றிய தமிழ் கற்றல் சட்டத்தால் இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் தமிழைப் பாடமாகப் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்கு உறுதியாகக் கிடைக்கிறது. வீட்டுமொழியும் நாவில் நிற்பதற்கு அதனால் குறுக்கீடு எதுவும் இல்லை. தமிழறிந்த பிள்ளைக்குத் தெலுங்கும் கன்னடமும் ஒலியால் மிக அண்மையில் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளும் அயல்வீட்டு மொழியைப் பேசக் கற்பதற்கு இந்நிலத்தில் ஆசிரியருக்கோ பாடநூலுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கும் பேசுவதற்கும் உயிருள்ள மொழியாளர் தெருதோறும் இருக்கின்றனர்.

மொழி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு வீட்டில் கையளிக்கப்படுவதே அதன் உயிர்ப்புக்கு அடிப்படை என்று யோசுவா ஃபிஷ்மன் 1991இல் எழுதிய நூலில் நிறுவினார். கேட்டறி தலைமுறை அக்கையளிப்பின் கடைசிக் கண்ணியில் நிற்கிறது. மூதாட்டி பேசினார், அதனால் பெயர்த்திக்குக் கேட்கக் கிடைத்தது. பெயர்த்தி பேசாவிட்டால் அவள் பெறும் பிள்ளைக்குக் கேட்பதற்கும் எதுவும் இராது. ஒரு குடும்பத்திலிருந்து ஒரு மொழி இவ்வாறே மறைகிறது. அவள் பேசத் தொடங்கினால், தடுமாறிப் பேசினாலும், விகுதி பிழைத்தாலும், அம்மொழி அக்குடும்பத்தில் இன்னொரு தலைமுறை வாழும். ஒலிகளின் நுட்பமும் தொடரின் இசையும் சொற்களின் பொருளும் செவிவழியே முன்பே வந்து சேர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பது வாய்திறந்து பழகுதல் ஒன்றே. அதற்கு அகவை வரம்பு இல்லை. ஆகவே செவியால் ஒரு மொழியை அறிந்தவர் யாவரும் தம்மை அம்மொழிக்கு உரியவராகவே கருதி, அதனை இன்றே பேசத் தொடங்க வேண்டும்.